கல்லூரிப் படகுப் போட்டிக்கு யார் காசு கொடுத்தார்கள்?

கேட்கப்பட்டது இது: 1870-களில் அமெரிக்கக் கல்லூரிகளில் துடுப்புப் படகுப் போட்டி அமர்க்களமாக நடந்ததே, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? கல்லூரி நிர்வாகம் கொடுத்ததா, மாணவர்களே திரட்டினார்களா? வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு அந்தப் படகில் இடம் கிடைத்ததா?

நிர்வாகத்தைப் பற்றிய பதில் சுருக்கமானது. அது பொதுவாகக் கையை விரித்துவிடும். பையன்கள் தண்ணீரில் விளையாடுகிறார்கள், அவர்கள் பாடு என்பதுதான் அன்றைய பேராசிரியர்களின் எண்ணம். அதனால் காசு நாலு பக்கத்திலிருந்து வந்தது: மாணவர்களின் சொந்தப் பை, அவர்கள் நடத்திய பாட்டுக் கச்சேரி, நாடகம், நடன விருந்துகளின் டிக்கெட், முன்னாள் மாணவர்களும் ஊர்க் கடைக்காரர்களும் கொடுத்த நன்கொடை, கடைசியாக ரயில் கம்பெனிகளும் ஓட்டல்காரர்களும். இந்தக் கடைசி ஆட்களைத்தான் பலர் கவனிப்பதில்லை. போட்டி எந்த ஏரியில், எந்த ஆற்றில் நடக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அவர்கள்தான்.

தொடக்கமே அப்படித்தான். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் எந்த விளையாட்டிலாவது மோதிய முதல் நிகழ்ச்சி 1852 ஆகஸ்ட் 3 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் வினிபெசாக்கி ஏரியில் நடந்த ஹார்வர்ட் – யேல் படகுப் போட்டி. யோசனை கல்லூரியில் பிறக்கவில்லை, ரயிலில் பிறந்தது. யேல் மாணவர் ஜேம்ஸ் விட்டன் அந்த வழியாகப் பயணம் செய்தபோது, பாஸ்டன் – கான்கார்ட் – மான்ட்ரியல் ரயில் பாதையின் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் எல்கின்ஸோடு பேச்சு வந்தது. புதிதாகப் பாதை போட்டாயிற்று, ஏரிக்கரை அழகாக இருக்கிறது, ஆனால் கோடையில் வருவதற்கு ஆட்கள் வேண்டும். இரண்டு கல்லூரிப் பையன்களும் இங்கே ஒரு போட்டி நடத்தினால் செலவெல்லாம் என்னுடையது என்றார் எல்கின்ஸ். பையன்களுக்குக் கசக்குமா? ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசமாக எட்டு நாள் உல்லாசம். ஹார்வர்ட் ஆட்கள் முன்கூட்டி அதிகம் பயிற்சி செய்யவில்லை, உள்ளங்கை கொப்பளித்துவிடும் என்று பயந்தார்கள் என்பது இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் கதை. ஆனாலும் அவர்களுடைய ‘ஒனைடா’ படகுதான் ஜெயித்தது. பரிசு, வெள்ளிப்பூண் போட்ட கறுப்பு வால்நட் மரத் துடுப்புகள். ரயில்காரர் நினைத்தபடி கூட்டமும் வந்தது.

எல்கின்ஸ் மாதிரி ஒருவர் ஆண்டுதோறும் அகப்பட மாட்டாரே. 1870-களுக்கு வரும்போது செலவும் ஏறிவிட்டது. அப்போது கல்லூரிகளிடையே புழங்கியது ஆறு பேர் ஓட்டும் பந்தயப் படகு. சுக்கான் பிடிக்கத் தனி ஆள் கிடையாது, ஓட்டுகிறவர்களில் ஒருவர்தான் காலால் திருப்ப வேண்டும். கிட்டத்தட்ட 50 அடி நீளம், உள்ளே ஓர் ஆள் முட்டியடித்து உட்காரும் அகலம்தான். தேவதாரு வகை மரத்தை அவ்வளவு மெல்லிசாகச் சீவி அடித்திருப்பார்கள், தவறிக் கால் வைத்தால் அடிப்பலகை உடைந்துவிடும். நகரும் இருக்கைகள் புதிதாக வந்த காலம் வேறு. போன வருடப் படகில் போனால் தோற்பது நிச்சயம் என்ற நிலை. அது போக துடுப்புகள், படகுக் கொட்டகை, அதற்கு வாடகை, படகை ரயிலில் ஏற்றும் செலவு (சாதாரணச் சரக்குப் பெட்டிக்குள் 50 அடி அடங்காது), போட்டி ஊரில் வாரக்கணக்கில் தங்கும் செலவு, பயிற்சிக் காலத்துக்கென்று தனிச் சாப்பாடு. காசுள்ள கல்லூரிகள் பணத்துக்காகப் பந்தயம் ஓட்டும் தொழில்முறைத் துடுப்புக்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பயிற்சி பெற்றார்கள். அது தனிக் கணக்கு.

படகைப் பற்றிச் சொல்லும்போது ட்ராய் நகரத்து வாட்டர்ஸ் குடும்பத்தை விட்டுவிட முடியாது. அப்பா எலைஷா வாட்டர்ஸுக்குக் காகிதப் பெட்டிகள் செய்யும் தொழில். மகன் ஜார்ஜ் 1867-இல் ஒரு முகமூடி விருந்துக்குப் போக ஆசைப்பட்டார். கடையில் முகமூடி விலை கட்டுப்படியாகவில்லை. ஒன்றை இரவல் வாங்கி, அதையே அச்சாக வைத்துக் காகிதத்தை ஒட்டி ஒட்டித் தனக்கு ஒன்று செய்துகொண்டார். அதே உத்தியை ஓட்டை விழுந்த தன் படகிலும் போட்டுப் பார்த்தார். வார்னிஷ் பூசிய காகிதம் தண்ணீருக்கு அசைந்து கொடுக்கவில்லை. அப்பாவும் மகனும் அப்படியே முழுப் படகையும் காகிதத்தில் செய்யத் தொடங்கினார்கள். மர அச்சின் மேல் நீளமான காகிதத் தாள்களைப் பசை தடவிப் படிய வைத்து, காய்ந்ததும் கழற்றி, உள்ளே மரச்சட்டம் கொடுத்து, வார்னிஷ் அடித்து முடிப்பார்கள். மரப்படகு மாதிரி பலகை பிளக்காது, ஆணித் துளை கிடையாது, எடையும் குறைவு. 1870-களில் கல்லூரிப் போட்டிகளில் இந்தக் காகிதப் படகுகள் தாராளமாக ஓடின. கையில் காசில்லாத ஒருவன் செய்த தந்திரம் இது என்பதால் எனக்கு இந்தக் கதை மேல் தனிப் பிரியம்.

இனி மாணவர் பக்கம். இதற்கு நான் கார்னெல் பல்கலைக்கழகத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். ஹார்வர்டிலும் யேலிலும் பாஸ்டன், நியூயார்க் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அங்கே பணம் திரண்டது அதிசயமில்லை. கார்னெல் 1868 அக்டோபரில்தான் கதவைத் திறந்தது. நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதியில் இத்தாக்கா என்ற சிற்றூர், அதன் மேலே குன்று, குன்றின் மேல் முடிந்தும் முடியாத கட்டடங்கள். முதல் ஆண்டு வந்தவர்கள் 412 பேர். நிறுவியவர் எஸ்ரா கார்னெல் தச்சு வேலை, இயந்திர வேலை செய்து, பிறகு தந்திக் கம்பி இழுத்துப் பணம் பார்த்தவர். யார் வேண்டுமானாலும் எந்தப் பாடத்தையும் படிக்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மாநிலச் சட்டமன்றத் தொகுதிக்கு ஒருவர் வீதம் ஆண்டுதோறும் 128 பேருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பண்ணையிலும் பட்டறையிலும் கூலி வேலை செய்து படிப்புச் செலவைச் சமாளிக்கலாம் என்றும் ஏற்பாடு. அந்தக் கூலி வேலைத் திட்டம் எஸ்ரா கனவு கண்ட அளவுக்குப் பலிக்கவில்லை. நாளெல்லாம் உடம்பு நோக உழைத்துவிட்டு இரவில் லத்தீன் இலக்கணம் படிப்பது எத்தனை பேரால் முடியும்? ஆனாலும் அந்த ஊருக்குப் படிக்க வந்தவர்களின் வகையை அது காட்டுகிறது.

பலர் தங்கியது கஸ்கடில்லா என்ற பெரிய கல் கட்டடத்தில். நீர் வைத்தியசாலையாகக் கட்டத் தொடங்கி, பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்த இடம். பேராசிரியர் குடும்பங்களும் மாணவர்களும் ஒரே கூரையின் கீழ். குளிரும் இருட்டும் பற்றிப் புகார் ஓய்ந்ததே இல்லை. மற்றவர்கள் கீழே ஊரில் அறை எடுத்துக்கொண்டு தினமும் குன்றேறினார்கள். ராணுவ அணிவகுப்புப் பயிற்சி கட்டாயம். மேலே வகுப்பு, கீழே ஏறக்குறைய 400 அடி இறக்கத்தில் கயூகா ஏரி. ஏறக்குறைய 40 மைல் நீளமுள்ள அந்த ஏரியில் கலக்கும் வாய்க்கால் ஊரின் ஓரமாகப் போகிறது. படகு ஓட்ட நினைப்பவன் வகுப்பு முடிந்து அவ்வளவு தூரம் இறங்கி, மைல் கணக்கில் துடுப்புப் போட்டு, பிறகு அவ்வளவு தூரமும் ஏறி அறைக்கு வர வேண்டும். குளிர்காலத்தில் வாய்க்கால் உறைந்துவிடும். பனி உருகும் நாளிலிருந்து ஜூலைப் போட்டி வரை கிடைப்பதுதான் காலம்.

1870-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹியூஸ் கார்னெலுக்கு வந்து போனார். மாணவர்களிடம் விளையாட்டுப் பித்தை மூட்டுவதில் அவர் கைதேர்ந்தவர். அடுத்து முளைத்த படகுக் கழகத்துக்கு ‘டாம் ஹியூஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். பிறகு கழகங்கள் ஒன்றாகி ‘கார்னெல் நேவி’ ஆயின. யேலிலும் இதே பெயர்தான். கப்பற்படை என்று பெயர், கமடோர் என்று தலைவர் பதவி, கையிருப்பு மட்டும் இருக்காது.

வசூல் நம் ஊர்க் கோயில் திருவிழா வசூல் மாதிரிதான் நடந்தது. வகுப்பு வாரியாக ஆள் நியமித்து நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவார்கள். நண்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறைத்துப் போட யாருக்கும் மனசு வராது, தாராளமாகக் கையெழுத்து விழும். பணம் கேட்டுப் போகும் நாளில்தான் ஆள் அகப்பட மாட்டான். எழுதிய தொகைக்கும் வந்த தொகைக்கும் இருந்த இடைவெளிதான் அன்றைய படகுக் கழகப் பொருளாளர்களின் நிரந்தரத் தலைவலி. மாணவர் பத்திரிகைகளைப் புரட்டினால் இது பற்றிய கெஞ்சலும் குத்தலும் வசந்த காலந்தோறும் வந்துகொண்டே இருக்கும். கல்லூரியின் மானம் போகிறது, போன வருடக் கடனே இன்னும் நிற்கிறது, ஒவ்வொருவரும் கொஞ்சம் கொடுத்தால் முடிந்துவிடும், இந்த ரீதியில். படகுக்காரருக்கும் ஓட்டல்காரருக்கும் பாக்கி வைத்துவிட்டுப் போட்டிக்குப் போவதும், ஜெயித்து வந்தால் யாராவது கடனை அடைப்பார்கள் என்று நம்புவதும் சகஜம்.

சந்தாவில் விழுந்த துண்டை மேடை ஈடுகட்டியது. கல்லூரிக் குழுப்பாடகர்கள் இதில் முக்கியமானவர்கள். ஹார்வர்டின் பாடகர் குழு 1858-இலும் யேலுடையது 1861-இலும் கார்னெலுடையது 1868-இலும் தோன்றியவை. பக்கத்து ஊர்களில் மண்டபம் பிடித்துக் கச்சேரி நடத்துவார்கள், வருமானம் படகுக்குப் போகும். நாடகத்தில் பெண் வேடமும் பையன்களே போட்டு ஊரைச் சிரிக்க வைப்பார்கள். நடன விருந்துக்கு டிக்கெட் போடுவார்கள். ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் வருவார்கள் என்பதால் டிக்கெட் விற்றுவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. படகில் வியர்வை சிந்துவது ஆறு பேர், மிஞ்சினால் மாற்றாட்கள் இரண்டு மூன்று பேர். ஆனால் அந்தப் படகு தண்ணீரில் மிதக்க வேண்டுமானால் பாடுகிறவன், வேடம் கட்டுகிறவன், டிக்கெட் விற்கிறவன், நோட்டுத் தூக்குகிறவன் என்று பாதிக் கல்லூரி அலைய வேண்டும். அன்றைய மாணவர் வாழ்க்கையில் கூட்டு வேலை என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இந்த வசூலைச் சுற்றித்தான் நடந்தது. பாடத்திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

சீருடை என்று எதுவும் இல்லாத நிலையிலிருந்துதான் ஹார்வர்டின் நிறம் வந்தது. 1858-இல் பாஸ்டனில் நடந்த ஒரு போட்டியில், கரையில் நிற்பவர்களுக்குத் தங்கள் படகு அடையாளம் தெரியட்டும் என்று சார்லஸ் எலியட்டும் பெஞ்சமின் க்ரவுனின்ஷீல்டும் கடைக்குப் போய்ச் சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகள் வாங்கிவந்து தலையில் கட்டவைத்தார்கள். எலியட் அப்போது அங்கே இளம் ஆசிரியர், படகிலும் ஓட்டினார். பின்னால் 40 ஆண்டுகள் ஹார்வர்டின் தலைவராக இருந்து, கல்லூரி விளையாட்டின் ஆர்ப்பாட்டத்தைக் கண்டித்துக்கொண்டே இருந்தவரும் அவர்தான்.

பெண்கள் கல்லூரியில் கதை வேறு. வெல்லெஸ்லி கல்லூரி 1875-இல் திறந்தபோதே நிறுவனர் ஹென்றி டியூரன்ட், பெண்களுக்கு உடற்பயிற்சி வேண்டும் என்று வாபன் ஏரியில் படகுகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். வசூல் தொல்லை இல்லை, போட்டியும் இல்லை. தொடக்கத்தில் படகுக்கு ஆள் எடுத்தது தோள் வலுவைப் பார்த்தல்ல, குரலைப் பார்த்து. மாலையில் படகுகளை ஒன்றாகச் சேர்த்து நிறுத்திப் பாடுவதுதான் நிகழ்ச்சி. அதைப் பார்க்கப் பின்னாளில் பாஸ்டனிலிருந்து கூட்டம் ரயிலேறி வந்தது.

போட்டிக்கு வருவோம். 1871-இல் சில கல்லூரிகள் சேர்ந்து அமெரிக்கக் கல்லூரிகளின் துடுப்புச் சங்கத்தை அமைத்தன. முதல் மூன்று ஆண்டுகள் மாசச்சூசெட்ஸில் கனெக்டிகட் ஆற்றில், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் நடந்தது. 1873-இல் ஆறு வளைகிற இடத்தில் முடிவுக் கோட்டைச் சாய்வாகப் போட்டுவிட்டார்கள். முதலில் வந்தது நாங்கள்தான் என்று ஹார்வர்ட் கொண்டாடிக்கொண்டிருக்க, நடுவர்கள் யேலுக்குக் கொடுத்தார்கள். சண்டை ஓயவில்லை. அடுத்த ஆண்டு எங்கே என்ற பேச்சு வந்தபோது சரடோகா முன்வந்தது.

சரடோகா அன்று பணக்காரர்களின் கோடை வாசஸ்தலம். தாது நீர் ஊற்று, குதிரைப் பந்தயம், ஒரு தெரு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் ராட்சத ஓட்டல்கள். குதிரைப் பந்தயத்தைத் தொடங்கியவரும் சூதாட்ட மாளிகையை நடத்தியவரும் ஜான் மாரிசி. குத்துச்சண்டை வீரர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். இப்படிப்பட்ட ஊருக்கு மாணவர்களைக் கூட்டிப் போவதா என்று பாதிரிமாரும் பத்திரிகைகளும் கூச்சலிட்டார்கள். நியாயமான கூச்சல்தான். ஆனால் ஏரியைத் தயார் செய்து, அணிகளைத் தங்கவைத்து, பார்வையாளருக்கு மேடை கட்டிக் கொடுக்க வேறு எந்த ஊரும் அந்த அளவுக்கு வரவில்லை. ஜூலை நடுவில் குதிரைப் பந்தயம் தொடங்குவதற்கு முன் ஓட்டல் அறைகள் நிரம்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதற்கு மாணவர்கள் கிடைத்தார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ் பிறந்தது இதே ஏரிக்கரையில் இருந்த மூன் என்பவரின் விடுதியில்தான் என்று அந்த ஊரில் கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அன்றைய சரடோகாவின் செழிப்புக்கு அது பொருத்தமான கதை.

1874-இல் ஹார்வர்டும் யேலும் நடுவழியில் மோதிக்கொள்ள, கொலம்பியா ஜெயித்தது. அந்தக் கல்லூரியின் தலைவர் ஃப்ரெடரிக் பார்னார்ட் அணியை வரவேற்றுப் பேசியது கவனிக்கத்தக்கது. கல்லூரி தோன்றிய நாள் முதல் உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் செய்ததைவிட, ஒரே நாளில் நீங்கள் கொலம்பியாவின் பெயரை அதிகம் பரப்பிவிட்டீர்கள் என்ற பொருளில் பேசினார். நூறாண்டு தாண்டிய கல்லூரி அது. படகு வாங்கும்போது எட்டிப் பார்க்காத நிர்வாகங்கள், ஜெயித்து வந்ததும் அதில் விளம்பரம் இருப்பதைக் கண்டுகொண்டன.

1875 ஜூலை 13, 14. பதின்மூன்று கல்லூரிகள். 13-ஆம் தேதி முதலாண்டு மாணவர் போட்டியில் கார்னெல் ஜெயித்தது. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். 14-ஆம் தேதி முக்கியப் போட்டி, மூன்று மைல். பதின்மூன்று ஆறு-துடுப்புப் படகுகள் ஒரே வரிசையில். கார்னெல் அணியின் தலைவர் ஜான் ஆஸ்ட்ரம். பயிற்சி கொடுத்ததும் அவரே, சம்பளத்துக்கு ஆள் வைக்க வழியில்லை. துடுப்புப் போடும் முறையை அவராகவே யோசித்துத் திருத்தியிருந்தார். கார்னெல் முதலிடம், கொலம்பியா இரண்டாமிடம், ஹார்வர்ட் மூன்றாமிடம், யேல் ஆறாமிடம். அப்போது கார்னெலுக்கு வயது ஏழுகூட முடியவில்லை. இத்தாக்காவுக்குத் தந்தி போனதும் கோபுர மணிகள் ஒலித்தன, கொடி ஏறியது, பீரங்கி வெடித்தது. தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் அணிக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

இந்த ஒயிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மிச்சிகனிலிருந்து கால்பந்து ஆட அழைப்பு வந்தபோது, காற்றடைத்த ஒரு பையை அலைக்கழிக்க முப்பது பேர் நானூறு மைல் போவதா, அனுமதிக்க மாட்டேன் என்று மறுத்தவர் அவர். படகு என்றால் மட்டும் இளகிவிடுவார். யேலில் படித்த காலத்தில் அவரே துடுப்புப் பிடித்தவர். விளையாட்டு விஷயத்தில் கல்லூரித் தலைவர்களின் கொள்கையெல்லாம் பல சமயம் இப்படித்தான், தன் இளமையில் எதை ஆடினாரோ அதற்கு மட்டும் கதவு திறக்கும்.

அடுத்த ஆண்டும், 1876-இல், கார்னெலே ஜெயித்தது. முக்கியப் போட்டி, முதலாண்டுப் போட்டி, தனி ஆள் படகு மூன்றிலும். இனி பணம் கொட்டும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. யேல் 1875 போட்டிக்குப் பிறகும் ஹார்வர்ட் 1876 போட்டியோடும் சங்கத்தை விட்டு விலகிவிட்டன. எங்கள் இருவர் போட்டி போதும் என்று ஒதுங்கிக்கொண்டன. நேற்று முளைத்த கல்லூரிகளிடம் தோற்பது அவர்களுக்குக் கசந்தது என்றுதான் எனக்குப் படுகிறது, காரணமாக வேறு பலவும் சொல்லப்பட்டாலும். சங்கம் கலைந்தது. பெரிய கல்லூரிகள் இல்லாத போட்டிக்கு எந்த ஓட்டல்காரன் காசு போடுவான்? எதிராளி இல்லாத அணிக்கு எந்த மாணவன் சந்தா கொடுப்பான்? நாட்டிலேயே சிறந்த அணி என்ற பெயரோடு கார்னெல் வாய்க்கால் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஹார்வர்ட் – யேல் ஜோடிக்கு அந்தக் கவலை இல்லை. 1878-இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டனுக்குப் போனார்கள். அங்கே தேம்ஸ் என்ற பெயரிலேயே ஓர் ஆறு, கரையை ஒட்டியே ரயில் பாதை. சரக்கு வண்டிகளில் படிப்படியாகப் பெஞ்சு போட்டு, படகுகளோடு கூடவே ரயிலும் நகர, தொடக்கத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். டிக்கெட் விற்றது. வேறெந்த விளையாட்டிலும் கூட்டத்தை அடைத்து வாசலில் காசு வாங்கலாம், நான்கு மைல் ஆற்றுக்கு எப்படி வேலி போடுவது என்ற பிரச்சினையை ரயில்காரர்கள்தான் தீர்த்தார்கள். 1895-இல் கார்னெல், கொலம்பியா, பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்து புதுப் போட்டியைத் தொடங்க இடம் தேடியபோது ஹட்சன் ஆற்றங்கரையில் பொகீப்சியைப் பிடித்ததும் அதனால்தான். கரையோரம் பாதை இருந்தது, ஆட்களை ஏற்றி ஓட்ட ரயில் கம்பெனி தயாராக இருந்தது. வினிபெசாக்கியில் தொடங்கிய வியாபாரம் நாற்பது வருடத்துக்குப் பிறகும் அதே வியாபாரம்தான்.

இடைப்பட்ட காலத்தில் கார்னெல் வெளிநாட்டுக்கும் போய்ப் பார்த்தது. 1881-இல் நான்கு பேர் அணி இங்கிலாந்தில் பெயர்பெற்ற படகுப் போட்டி நடக்கும் ஹென்லிக்கும் அங்கிருந்து வியன்னாவுக்கும் போனது. ஹென்லியில் தோல்வி. வியன்னாவில் முன்னணியில் இருக்கும்போதே ஒருவர் துடுப்பை விட்டுச் சாய்ந்தார். காசு வாங்கிக்கொண்டு தோற்றார் என்று சக வீரர்களே குற்றம் சாட்டினார்கள். சந்தா கொடுத்து வழியனுப்பிய ஊரில் இந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும்!

கார்னெலைத் தூக்கி நிறுத்தியவர் சார்லஸ் கோர்ட்னி. 1880-களில் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பக்கத்து யூனியன் ஸ்பிரிங்ஸ் ஊர்க்காரர், தொழிலால் தச்சர், பணப் பந்தயங்களில் பெயர் எடுத்த துடுப்புக்காரர். கெட்ட பெயரும் உண்டு. 1879-இல் கனடாக்காரர் நெட் ஹான்லனோடு 6,000 டாலர் பந்தயம் நடக்க இருந்த காலையில் அவர் படகுகள் அறுக்கப்பட்டுக் கிடந்தன. யார் அறுத்தது என்பது இன்றுவரை சர்ச்சை. கார்னெலுக்கு வந்த பிறகு ஆள் மகா கறார். படகையும் துடுப்பையும் தானே இழைத்துச் சரிசெய்யத் தெரிந்தவர் என்பது ஏழைக் கழகத்துக்குப் பெரிய லாபம். பின்னால் ஜான் ஹாயில் என்ற படகுக் கட்டுநர் கொட்டகையிலேயே இருந்து படகுகளைக் கட்டிக் கொடுத்தார், வெளியில் வாங்கும் செலவு மிச்சம். பயிற்சிக் காலச் சாப்பாட்டு விஷயத்தில் கோர்ட்னியின் பிடிவாதம் பிரசித்தம். 1897-இல், போட்டி நெருங்கும் வேளையில், ஸ்ட்ராபெர்ரி கேக் சாப்பிட்டார்கள் என்று தன் வீரர்களில் சிலரை அணியிலிருந்தே தூக்கினார். அந்த ஆண்டு பொகீப்சிக்கு ஹார்வர்டும் யேலும் வந்திருந்தன. கார்னெலே ஜெயித்தது.

கடன் மட்டும் அப்போதும் தீரவில்லை. 1901-இல் விளையாட்டுக் கடனை அடைக்கவென்றே ‘ஸ்பிரிங் டே’ என்று வசந்த விழா ஒன்றைத் தொடங்கினார்கள். போலி சர்க்கஸ், வேடம், கூத்து, எல்லாவற்றுக்கும் டிக்கெட். அது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது.

இனி அந்த மூன்றாவது கேள்வி. வசதியில்லாத பையனுக்கு இடம் கிடைத்ததா? கிடைத்தது, குறிப்பாக அரசு நிலக்கொடையில் உருவான புதுக் கல்லூரிகளில். 1871-இல் துடுப்புச் சங்கத்தின் முதல் போட்டியிலேயே ஹார்வர்டையும் பிரௌனையும் தோற்கடித்தது மாசச்சூசெட்ஸ் விவசாயக் கல்லூரி. திறந்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. பண்ணை வேலையில் உடம்பு உரமேறிய பையன்கள், ஜாஷ் வார்ட் என்ற தொழில்முறைத் துடுப்புக்காரரிடம் பயிற்சி பெற்று, பத்துப் படகு நீளத்துக்கும் மேலான இடைவெளியில் ஹார்வர்டைப் பின்னால் தள்ளினார்கள். ஆனால் அந்தக் கல்லூரியின் பெயர் அதன்பின் வெற்றிப் பட்டியலில் இல்லை. ஒரு முறை ஊரைக் கூட்டி வசூலித்துப் போய்விடலாம், வருடா வருடம் முடியாது. 1875-இல் சரடோகாவில் வரிசையில் நின்ற பதின்மூன்று கல்லூரிகளில் பாதிக்கு மேல் சில ஆண்டுகளில் காணாமல் போனதற்கும் செலவு தாங்காததுதான் பெரிய காரணம். உழைத்துப் படித்த மாணவனுக்குப் பணத்தைவிட நேரம்தான் பெரிய தடை. கோடையில் கூலி வேலைக்குப் போய் அடுத்த வருடச் செலவுக்குச் சேர்க்க வேண்டியவன் ஜூலை நடுவரை ஏரிக்கரையில் தங்கிவிட்டால் வீட்டில் யார் பதில் சொல்வது?

இங்கிலாந்தில் இதற்கும் மேலே ஒரு சுவர் இருந்தது. கூலிக்குக் கைத்தொழில் செய்தவன், இயந்திர வேலைக்காரன், உடலுழைப்பாளி எவனும் அமெச்சூர், அதாவது காசுக்காக ஓட்டாத, துடுப்புக்காரன் ஆக மாட்டான் என்று ஹென்லி நிர்வாகிகள் 1879-இல் விதி எழுதினார்கள். 1895-இல் கார்னெலின் எட்டுப் பேர் அணி அங்கே போனது. முதல் போட்டியில் லியாண்டர் என்ற ஆங்கிலேயப் படகுக் கழகத்தினர் தயாராவதற்குள் நடுவர் போட்டியைத் தொடங்கிவிட, கார்னெல் தனியாக ஓட்டி முடித்தது. திரும்பி வந்து மறுபடி தொடங்கியிருக்க வேண்டாமா என்று ஆங்கிலப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அடுத்த சுற்றில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரியிடம் தோற்றுத் திரும்பினார்கள். மாணவர்கள் என்பதால் அந்தக் கைத்தொழில் விதி அவர்களைத் தொடவில்லை. அவர்கள் படித்த பல்கலைக்கழகத்தை நிறுவிய தச்சர் எஸ்ரா கார்னெலை மட்டும் அது உள்ளே விட்டிருக்காது. ஹென்லியில் அந்தத் தடை 1937-இல்தான் நீங்கியது.